நகராத கூழ்

ஃபூஜி நகரத்துக் காகித ஆலையில் மிசுஹோவுக்குக் காகிதக் கூழின் பின்னாலேயே போகிற வேலை. தொட்டியின் வாயில் கொஞ்சம் லித்தியம் உப்பைக் கரைத்து ஊற்றுவாள். கீழ்க்குழாயில் கூழைப் பிடித்துப் பிடித்து, அந்த உப்பு எப்போது வருகிறது, எப்போது தீர்கிறது என்று பார்ப்பாள். நேரத்துக்குத் தீர்ந்தால் தொட்டி முழுதும் ஓடுகிறது. தீராமல் இழுத்தால், உள்ளே ஏதோ ஒரு மூலையில் கூழ் தேங்கிக் கிடக்கிறது. மனிதர் சொன்னால் நம்பமாட்டாள். உப்பு சொன்னால் நம்புவாள்.

அவள் கணவன் தகெஹிகோ அங்கேதான் தொட்டி கழுவினான். முன்னோரைக் கும்பிடும் ஓபோன் விடுமுறைக்குப் போன கோடையில் ஆலையை நிறுத்திக் கழுவிய அன்று காணாமல் போனான். அன்று அவன் கழுவிய தொட்டியின் மூடியைச் சரிபார்க்கும் முறை மிசுஹோவுடையது. அங்கே எதையும் விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்லித்தான் சரிபார்க்க வேண்டும். "உள்ளே ஆளில்லை, சரி!" என்று கத்தினாள். தினமும் கத்திப் பழகிய வாய். கண் உள்ளே பார்த்ததா? அதுதான் ஞாபகமில்லை.

"எவளோடயோ போயிட்டான்" என்றது ஊர். ஊருக்கென்ன, வாயா வலிக்கிறது? தன் கையாலேயே அவனைக் கூழுக்குள் மூடிவிட்டோம் என்றே மிசுஹோ நம்பினாள். அந்தத் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம், கலக்கும் துடுப்பின் சத்தத்துக்குள் அவன் இருமுவது கேட்கும். காகிதத்தைத் தொடவே கை கூசியது.

இந்தக் கோடையில் இயந்திரத்தில் ஓடும் காகிதம் அடிக்கடி அறுந்தது. கூழ் எங்கே தேங்கிக் கெடுகிறதென்று ஒவ்வொரு தொட்டியாக உப்பு ஊற்றிப் பார்த்தாள். அந்தத் தொட்டியில்தான் தீராமல் இழுத்தது.

"தலைவரே, தொறந்து பாக்கணும்" என்றாள், மேற்பார்வையாளர் ஒகிமுராவிடம்.

"ஓபோன் வரட்டுமேம்மா. இப்ப மிஷினை நிறுத்தினா மேல இருக்கறவங்க என் தோலை உரிச்சிருவாங்க."

"உரிக்கட்டும். உள்ள அவர் இருக்கார்."

ஒகிமுரா அன்றே தொட்டியைக் காலி செய்யச் சொன்னார்.

உள்ளே நச்சுக்காற்று இல்லையென்று சோதித்ததும், வேண்டாம் என்றவர்களை விலக்கிவிட்டு அவளே இறங்கினாள். துடுப்பின் ஓர் இறக்கை ஒடிந்து கிடந்தது. அதன் பின்னால், மூலையில், ஆள் உயரத்துக்குக் கூழ் இறுகி நின்றது. அதைக் கொத்திப் பெயர்த்தாள், சுவர் தெரியும்வரை. வெறும் கூழ்தான்.

மேலிருந்து எட்டிப் பார்த்த ஒகிமுராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியாம்மா! நீ யாரையும் உள்ள வெச்சு மூடல. இனிமேலாவது நிம்மதியாத் தூங்கு."

அவன் காணாமல் போன அன்றுகூட அழாதவள், ஈரத்தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ஏம்மா அழறே? அதான் உள்ள யாருமே இல்லியே!"

"அதான் அழறேன்" என்றாள். "உயிரோடதான் போயிருக்கார்."