தலைகீழாய் வந்த கப்பல்

குச்சியால் படத்தைத் தொட்டுக் காட்டி விளக்கம் சொல்லும் வேலை தூரத்திலிருந்து பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும், முதலில் போவது தொண்டை, அடுத்தது கணுக்கால், கடைசியில் மானம். வகுப்பறையிலோ மேடையிலோ சந்தையிலோ நின்று கத்திப் பிழைத்த என் இனத்தாரே, உங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்தைப் பற்றியே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம், நான் ஓர் அறிவியல் கண்காட்சி வேனில் விளக்கம் சொல்பவனாக இருந்தேன். தற்காலிக வேலை. வேனின் பக்கக் கதவுகளைத் திறந்து விரித்தால் ஒன்பது படங்கள் வரும். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்பதில் தொடங்கி, உலகம் உருண்டை, ஈர்ப்பு விசை, ஆக்சிஜன், நீராவி இயந்திரம், கிருமி என்று போய் அணுவில் முடியும். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், ‘கண்ணால் பார், அளந்து பார், பிறகு நம்பு’ என்று எழுதியிருந்தது. ஒரு மைக், ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பைனாகுலர், ஒரு கருத்துப் புத்தகம். பார்வையாளர் சொன்னதைச் சொன்னபடியே அந்தப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வேனை ஓட்டியவர் தங்கராஜ் அண்ணாச்சி, உடன்குடிப் பக்கத்துக்காரர். நான் ஆற்றங்கரையில் நெல் விளையும் ஊரில் பிறந்தவன். இருபத்தாறு வயது வரை கடலை இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன், இரண்டும் திருச்செந்தூரில், மொட்டைத் தலையோடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைக் கவிழ்த்தது இதுதான்.

சுற்றி வராத தண்ணீர்

முதல் மாதம் என் சொந்தச் சீமையிலேயே சுற்றினோம். சூரியன் நிற்கிறது, பூமி சுற்றுகிறது என்பதை ஒரு பூசணிக்காயையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து விளக்குவேன். ஒரு ஊரில் பிரமாதமாகப் பேசிவிட்டதாக எனக்கே நினைப்பு. இத்தனை காலம் மனிதன் தன்னையே நடுவில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான், அந்த எண்ணம் உடைந்ததுதான் முதல் புரட்சி என்று குரலை ஏற்றி முடித்தேன். கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் துண்டைத் தோளில் போட்டபடி நின்ற ஒருவர் மட்டும் தட்டவில்லை. கால்வாயின் கடைமடையில் வயல் வைத்திருப்பவராம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். அவர் கேட்டது புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: “பூமியே சுத்தி வருதுன்னு சொல்லுதீரு, சந்தோசம். கால்வாய்த் தண்ணி மட்டும் எங்க வயலுக்குச் சுத்தி வர மாட்டேங்குதே, அதுக்கு ஒரு படம் போடக் கூடாதா?”

மூச்சுக் கணக்கு

தூத்துக்குடிக்கு வந்ததும் கடற்கரையோரம் வேனை நிறுத்தினோம். சங்கு குளிக்கிறவர்கள் நாலைந்து பேர் ஈரத் தலையோடு வந்து ஆக்சிஜன் படத்தின் முன்னால் நின்றார்கள். காற்றுக்குள்ளே ஒரு பகுதிதான் நமக்கு உயிர் தருகிறது, அதைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் ரசாயனமே திசை மாறியது என்று அளந்துகொண்டிருந்தேன்.

மூச்சை அடக்க முடியுமா பாருங்கள் என்று கூட்டத்தை உசுப்பேற்றுவது என் வழக்கம். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று காட்டுவேன். அன்றும் முகம் சிவக்க நின்றுவிட்டு, விட்டேன் மூச்சை. எனக்கு எதிரே இருந்தவர் மூக்கைப் பிடிக்காமலே அடக்கிக்கொண்டு, அடுத்த படத்தையும் அதற்கடுத்த படத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னார்: “நல்ல படந்தான். அந்தக் காத்து இல்லாத இடத்துலதான்யா நாங்க தெனமும் வேல பாக்குதோம்.”

ஒரு சொட்டுக்குள்ளே

மில்லர்புரத்தில் ஒரு தெருமுனை. அங்கே இட்லிக் கடை வைத்திருந்த செல்லக்கனி, வியாபாரம் கெடுகிறது, வேனைத் தள்ளி நிறுத்து என்று சண்டைக்கு வந்தாள். சமாதானமாக அவள் குடத்திலிருந்தே ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. உள்ளே என்னென்னவோ நீந்திக்கொண்டிருந்தன.

நிமிர்ந்தவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் கவிழ்த்தாள். பிறகு வேறு தண்ணீர் பிடித்து, இட்லிக் கொப்பரையை இறக்கிவிட்டு, அதே அடுப்பில் கொதிக்க வைத்தாள். சாப்பிட வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று எங்கோ ஒருவர் கண்டது, கடல் தாண்டி வந்து ஒரு இட்லி அடுப்பில் வேலை செய்துவிட்டதே! அவள் என்னைப் பார்த்துக் கத்தியதும் புகழ்ச்சியாகவே கேட்டது: “இத்தன நாளும் சுகாதாரத்துக்காரவுக வந்து கொதிக்க வை, கொதிக்க வைன்னு கத்துனாவளே, ஒருத்தராவது இப்படிக் காட்டுனாவளா?”

உப்பளத்துக் கேள்வி

உப்பளத்தில் உச்சி வேளை. நீராவி இயந்திரப் படத்தின் கீழே ‘மனிதனின் பாரத்தை இயந்திரம் இறக்கி வைத்தது’ என்று இருந்தது. அதை நான் படித்துக் காட்டியபோது, உப்பு சுமந்த கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றிருந்த ஒரு பெண் கேட்டாள்: “அங்கன எழுதியிருக்க மனுசன்ல நாங்களும் உண்டா சார்?”

குச்சியைக் கீழே வைத்தேன். அவள் கேட்டதைக் கேட்டபடியே கருத்துப் புத்தகத்தில் எழுதினேன்.

லூர்தம்மாள் சிரித்தாள்

வேம்பாருக்கு இப்பால் ஒரு சின்னக் கடற்கரை ஊர். நாங்கள் போய்ச் சேர்ந்த வாரம் அங்கே வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார்கள். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்பது பார்த்த உடனே தெரிந்தது. மில்லர்புரத்து வெற்றி எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஒரே நாளில் இந்த ஊரையும் கொதிக்க வைத்துவிடுவேன் என்று அண்ணாச்சியிடம் சவால் விட்டேன்.

வரிசைப்படி சொல்ல வேண்டும் என்பதால் இரண்டாவது படத்துக்கு வந்தேன். உலகம் உருண்டை. நாலு மாதமாக மனப்பாடமாகச் சொன்னதையே சொன்னேன்: “தொலைவில் வரும் கப்பலின் அடிப்பாகம் முதலில் தெரியும். பாய்மரம் கடைசியில்தான் தெரியும். ஆகவே பூமி உருண்டை.” ஓவியரும் மேலிடத்திலிருந்து வந்த இந்தக் குறிப்பை நம்பி, அடிப்பாகத்தை மட்டும் போட்டு மேலே ஒரு மேகத்தை இழுத்துவிட்டிருந்தார். நெல் விளையும் ஊர்களில் இதற்குத்தான் பலத்த கைதட்டல்.

இங்கே சிரிப்புக் கிளம்பியது. முதலில் சிரித்தவள் லூர்தம்மாள். அந்த ஊரில் மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி. மத்தியானம் கரையில் நின்று, தூரத்தில் படகுப் பாயின் நுனி தெரியும்போதே நிறத்தையும் சாய்வையும் பார்த்து இது இன்னார் வள்ளம் என்று சொல்லிவிடுவாள். மற்றப் பெண்கள் அதைக் கேட்டுத்தான் எந்த வள்ளத்துக்கு எங்கே போய் நிற்பது என்று கூடையைத் தூக்குவார்கள். வள்ளத்தின் உடம்பு கண்ணில் படும்போது ஓடினால் நல்ல மீன் கிடைக்காது. அவளிடம் போய் அடிப்பாகம் முதலில் தெரியும் என்றால்?

“சார், படம் தலைகீழா இருக்கு” என்றாள். இது மேலிடத்தில் எழுதிய குறிப்பம்மா என்றேன் நான். இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவ்வளவுதான், பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கிருமி ஆறாவது படம், அது வரை ஒருத்தியும் நிற்கவில்லை. தண்ணீரை மட்டுமாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்று பின்னாலேயே ஓடினேன். லூர்தம்மாள் நடையை நிறுத்தாமல் சொன்னாள்: “வள்ளத்தையே தலைகீழாப் போட்டவன், தண்ணிக்குள்ள பூச்சிய மட்டும் நெசமாவா போட்டிருப்பான்? வேற சோலியப் பாரும்.”

பாயின் நுனி

மறுநாள் மத்தியானம், வெயிலில், நானும் அண்ணாச்சியும் பைனாகுலரோடு கரையில் போய் உட்கார்ந்தோம். நாலு மாதம் ‘கண்ணால் பார்’ என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கப் போனேன். வெகுநேரம் வெறும் நீலம். பிறகு தொடுவானக் கோட்டின் மேல் நகக்கண் அளவு ஒரு வெள்ளை. அது வளர்ந்து, கீழே காவி நிறம் வந்து, முழுப் பாயாகி நின்றது. உடம்பு இல்லை. தண்ணீரின் மேல் பாய் மட்டும் தனியே நடந்து வந்தது. அதற்கும் பிறகுதான் அடியில் கறுப்பாக வள்ளம் எழுந்தது.

நான் எழுந்து குதித்தேன் என்று அண்ணாச்சி பிற்பாடு எல்லோரிடமும் சொல்லுவார். குதித்திருப்பேன். அந்தத் தண்ணீர் வளைந்திருந்தது! பூமி உருண்டை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான், அதை என் கண்ணாலேயே பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டேன். அவர் என் கையை விலக்கிவிட்டு நிதானமாகக் கேட்டார்: “எல்லாஞ் சரி தம்பி, நாலு மாசமா ஊரு ஊராக் கத்திட்டு வந்தோமே, அத இனி யாரு போய்த் திருப்பி வாங்கிட்டு வாரது?”

மேலிடம் வந்தது

அன்று மாலையே படத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, சரியானதை எழுதினேன். அனுமதியில்லாமல் படத்தில் கை வைத்தால் வேலை போகும் என்பது விதி. இரண்டு நாளில் மேலிடத்து அதிகாரி வைத்தியலிங்கம் சார் சோதனைக்கு வருகிறார், என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பதும் அவர் கையில். அண்ணாச்சி, தாளைக் கிழித்துவிடு தம்பி, அவர் போனதும் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊரில் நாளுக்கு நாள் புதிதாக ஒருவர் படுக்கையில் விழுந்துகொண்டிருந்தார். தாளைக் கிழித்தால் ஒருத்தியும் எங்கள் பக்கம் திரும்பமாட்டாள். கிழிக்கவில்லை.

வைத்தியலிங்கம் சார் வந்தார். தாளைப் பார்த்தார். “யார் அனுமதி கொடுத்தது, மிஸ்டர் சுப்பையா?” என்றார். ஒரு மீன்காரப் பெண்மணி சொன்னாள் சார் என்றேன். அவர் முகம் மாறியது. “அந்தக் குறிப்பை எழுதியது நான்” என்றார். கூட்டம் கூடிவிட்டது, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டையும் கணுக்காலும் முன்பே போயிருந்தன, மிச்சம் இருந்தது மானம்தான். குச்சியைத் தூக்கி, மேலே கொட்டை எழுத்தில் இருந்த வரியை மட்டும் தொட்டுக் காட்டினேன். அதையும் அவரேதான் எழுதியிருந்தார்.

அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கி நடந்தார். பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். பக்கத்தில் லூர்தம்மாள் வெறுங்கண்ணோடு நின்றாள். திடீரென்று, “அந்தா, மேல் பாதி வெள்ள, கீழ் பாதி காவி. எங்க அண்ணன் வள்ளம்” என்றாள். சார் பைனாகுலரைத் திருப்பினார். “பாய்தான் தெரிகிறது, வள்ளத்தைக் காணோமே” என்றார் தன்னையறியாமல். கரையில் நின்ற அத்தனை பேரும் ஓவென்று கத்தினார்கள். வள்ளம் வந்து மணலில் ஏறியது. இறங்கியவர் அவள் அண்ணனேதான்.

வைத்தியலிங்கம் சார் திரும்பி வேனுக்கு வந்தார். என் தாளை மெல்ல உரித்தார். என் வேலையும் அதோடு உரிந்தது என்றே நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து, படத்திலேயே தன் பழைய வரியை அடித்து, கீழே ‘பாயின் நுனி முதலில் தெரியும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “நான் கடலைப் பார்க்காமலே எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது” என்று மைக்கில் சொன்னார். அந்த மனிதர் மேல் அன்று எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. லூர்தம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிக் குரல் கொடுத்தாள்: “ஏளா, பெரிய ஆபீசரே தப்ப ஒத்துக்கிட்டாரு. இவுக சொன்னா நம்பலாம். வாங்க, நம்ம கெணத்துத் தண்ணில என்ன கெடக்குன்னு பாப்போம்!”

வேன் வாசலில் வரிசை நின்றது. பொழுது சாய்வதற்குள் கூரைக்குக் கூரை புகை. மீன் குழம்பு வாசம் வராத புகை, வெறும் தண்ணீர் கொதிக்கும் புகை. அடுத்த வாரம் புதிதாக யாரும் படுக்கவில்லை. அடுத்த மாதம் எனக்கு ஒரே உறையில் இரண்டு தாள் வந்தன. ஒன்று வேலை நிரந்தர உத்தரவு, இன்னொன்று அனுமதியின்றிப் படத்தில் தாள் ஒட்டியதற்கு மெமோ, இரண்டிலும் வைத்தியலிங்கம் சார் கையெழுத்து.

பூமி சுற்றுகிறது என்று சொன்னவர்களை அந்தக் காலத்தில் பிடித்து அடைத்தார்களாம். அது உருண்டை என்பதற்குச் சொன்ன சாட்சியைத் திருத்தி எழுதிய எனக்கு ஒரு மெமோவோடு போயிற்று.