கரைந்துபோன மயில்துத்தம்

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், எந்த உரக்கடையிலும் கிடைக்கும். ஆனால் அது பாறையில் தானாக விளைந்திருந்ததை நான் பார்த்தது ஒரே முறைதான், கல்வராயன் மலையடிவாரத்தில், யாரோ எப்போதோ தோண்டிக் கைவிட்ட குழிக்குள். எங்கள் பக்கத்துப் பாறைகளில் செம்பும் கந்தகமும் சேர்ந்த தாது அங்கங்கே கொஞ்சம் உண்டு. அதன்மேல் ஈரம் கசிந்து, கசிந்தது காய்ந்தால், நீலமாகப் பூக்கும். ஒரு மழை போதும், கரைந்து ஓடிவிடும். இது சாரல்கூட நுழையாத மூலையில் இருந்ததால் தப்பித்திருந்தது. எலுமிச்சம்பழ அளவு. கண்ணாடிப் பளபளப்பு, ஆனால் நகம் பட்டாலே கீறல் விழும். வெறுமனே வைத்தால் வெளுத்து மாவாகிவிடும் என்பதால் பாட்டிலில் போட்டு இறுக மூடி அலமாரியில் வைத்தேன்.

நைனார்பாளையத்தில் நானும் என் அக்காவும் ஒரே வீடு. நான் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவன். அக்காவின் கணக்கில் வெறும் கல்பொறுக்கி. அவளுக்குத் தீராத முட்டிவலி. ஊசி, எண்ணெய், வேண்டுதல், எல்லாம் பார்த்தாயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தால், சாமி படத்துக்கு முன்னால் என் பாட்டில் காலியாகக் கிடந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, கிண்ணம் நிறைய நீலத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா! குடிக்காத!"

"இன்னாடா, வூடே இடியற மாதிரி கத்திக்கினு வர்ற? மலையில கெடச்ச கல்லாச்சேன்னு அபிஷேகம் பண்ணி தீர்த்தம் எடுத்தேன். முட்டிக்குத்தான்."

"அது விஷம்க்கா."

"நீலகண்டனே குடிச்சாருடா."

"அவுரு சாமி, தாங்கினாரு. நீ குடிச்சன்னா நாளைக்கு உனக்கு நான் பால் ஊத்தணும்!"

கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். நான் விடமாட்டேன் என்று தெரிந்த பிறகுதான் அவள் அடங்கினாள். ஆனாலும் சாக்கடையில் கொட்ட விடவில்லை. "கால் படற எடத்துல ஊத்தக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே வாசல் தொட்டியில் இருந்த துளசிக்கு ஊற்றினாள். அவள் குடிக்காமல் விட்டதே பெரிது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். கல்லில் மிச்சம் புளியங்கொட்டை அளவுகூட இல்லை. அந்த நேரத்திலும் எனக்கு அது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

அப்புறம் அவள் எனக்கு முகம் கொடுத்தே பேசவில்லை. வாய்வரைக்கும் வந்த வரத்தைத் தட்டிவிட்ட பாவி நான்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் துளசி தண்டோடு கருகிவிட்டது. விளக்கேற்ற வந்த அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து பிடுங்கினாள். நிமிரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நோவு இருந்துட்டுப் போவட்டும்டா" என்றாள். "உசுரு இருக்கறதாலதான நோவுது."