தங்கச்சி வீட்டுக் காரும் எங்கள் ஹயரிங் காரும்

இதை எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவள். கார் இன்சூரன்ஸைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது, என் தங்கச்சி வீட்டில் ஒரு கார் இருந்தது. அந்த இரண்டு கார்களின் இன்சூரன்ஸை நினைத்து நான் வயிறெரிந்த அளவுக்கு இந்த மலைநாட்டில் வேறு யாரும் எரிந்திருக்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் முதலில் தோட்டத்து லொறி ஓட்டினார். ஒரு துரை சீமைக்குத் திரும்பியபோது விற்றுப்போட்ட பழைய கறுப்புக் காரை வாங்கி, லிந்துலைக் கடைத்தெருவில் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயரிங் ஓட ஆரம்பித்தார். பின்கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. மழைக்கு உள்ளே ஒழுகும். கிழிந்த சீட்டுகளை நான்தான் சாக்குத் துண்டு வைத்துத் தைத்தேன்.

தங்கச்சியைக் கட்டியவருக்குத் தலவாக்கலையில் துணிக்கடை. கடைக்கு மேலே வீடு. அவர் வாங்கியது புத்தம் புதுக் கார், பால்கோவா நிறம். அந்தக் காரை முதன்முதலாக எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று தங்கச்சி இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "அக்கா, சும்மா இந்தப் பக்கமா வந்தோம்" என்றாள். சும்மா வருகிறவளுக்குப் பட்டுச்சேலை எதற்கு?

வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டினால்தான் காருக்கு லைசன்ஸ் கிடைக்கும். அதற்கு அட்டனில் ஒரு ஏஜண்ட் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை, எந்நேரமும் கழுத்தில் டை. வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாததால் நானும் கூடப் போவேன். ஒரு வருஷம் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் அதே நாளில் வந்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர்களுடைய புதுக் காருக்கு முழு இன்சூரன்ஸ். இடித்தாலும் உடைந்தாலும் கம்பனி பணம் கொடுக்கும். எங்களுடையதற்கு வெளியாளுக்கோ ஏறியவனுக்கோ அடிபட்டால் மட்டுந்தான் கொடுக்கும். கார் நொறுங்கினால் நாங்கள் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். அப்படியிருந்தும் நாங்கள் கட்ட வேண்டிய தொகை அவர்களுடையதைவிடக் கூட.

எனக்குக் காது சுட்டது. கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்காரரின் சட்டையை இழுத்துக் காதில் சொன்னேன். அவர் கேட்டார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. எங்களுது ஓட்டக் காரு. அவங்களுது புதுசு. எங்களுக்கு எப்புடிங்க கூட வரும்?"

ஏஜண்ட் சிரித்தார். "இஞ்சை வாங்கோ" என்று எங்களை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். கீழே தெருவில் வண்டிகள் நின்றன.

"அந்த மோட்டார் சைக்கிளைப் பாருங்கோ. அதுக்குத்தான் ஆகக் குறைவு. போய் இடிச்சாலும் பெரிசா ஒண்டும் விழாது. அந்தா தேயிலை லொறி. பாரத்தோட இறக்கத்தில வந்து பிறேக் விட்டால் என்ன நடக்கும்? அதுக்குக் காசு கூட. அங்கால நிக்கிற துரையின்ர கார் பெரிய விலைதான். ஆனால் இராவில பூட்டின கராஜில நிக்குது. இத்தனை வருசத்தில ஒருநாளும் சேதம் எண்டு வந்து நிக்கேல்லை. அதுக்காக நாங்கள் கழிச்சு விடுறம்."

"எங்களுது?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்கட கார் விடிஞ்சதிலயிருந்து றோட்டில நிக்குது. ஆர் ஏறுவான் எண்டு தெரியாது. பனியோ மழையோ, கூப்பிட்டால் மாட்டன் எண்டு சொல்லமாட்டியள். ஏறினவனுக்கு ஒண்டு நடந்தால் கம்பனிதான் பாக்கவேணும். கார் என்ன விலை எண்டு மட்டும் நாங்கள் பாக்கிறேல்லை. அது என்ன வேலை செய்யுது எண்டும் பாக்கிறம்."

தங்கச்சி முந்திக்கொண்டாள். "எங்க காரு கோயிலுக்கும் சினிமாவுக்குந்தாங்க போகுது."

"அதைத்தான் இதில எழுதியிருக்கிறன், பிள்ளை. சொந்தப் பாவிப்புக்கு மட்டும். காசுக்கு ஆக்களை ஏத்தப்படாது. ஏத்தினால் இது வெறும் கடதாசி."

அவள் வீட்டுக்காரர் தலையை ஆட்டியபடியே கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது தங்கச்சி என் தோளில் கை போட்டாள். "அக்கா, பேசாம நீங்களும் புதுக் கார் வாங்கிருங்க. இன்சூரன்ஸாவது மிச்சமாகும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். லிந்துலை வந்து சேரும்வரை நான் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு கல்யாணம். நானும் தங்கச்சியும் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. பெண் அங்கே ஆட்களை வேலை வாங்குகிற கங்காணியின் மகள். எங்கள் அப்பா அவருடைய கூட்டத்தில்தான் வேலை செய்தார். அந்தத் தோட்டத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பெண் எங்கள் கறுப்புக் காரில்தான் போவாள். இந்தத் தடவை கங்காணி நேரே தலவாக்கலைத் துணிக்கடைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரரிடம் பிறகு வந்து சமாதானம் சொன்னார்.

"ஒனக்கு இல்லாததா, மாப்ள? பொண்ணு போற காரு, நாலு பேரு பாப்பான். நீ அண்டா குண்டாவெல்லாம் ஏத்திக்கிட்டுப் பின்னால வந்துரு."

அப்படித்தான் போனோம். டிக்கியில் இரண்டு அண்டா, பின்சீட்டில் சோற்றுப் பானைகள், முன்னால் நான். கிளம்பும் முன் கங்காணி படியில் நின்று என் வீட்டுக்காரரிடம், "எவ்வளவு கேக்குறே? கொஞ்சம் கொறச்சுக்கப்பா" என்று பேரம் பேசினார். பேசி முடித்துக் கையில் திணித்தார். அடுத்த நிமிஷம் அதே கங்காணி பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பால்கோவாக் காருக்குப் போனார். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், அதற்கடியில் மடித்த நோட்டுகள். இரண்டு கையாலும் நீட்டினார். தங்கச்சி வீட்டுக்காரர் "எதுக்குங்க இதெல்லாம்" என்றபடி இரண்டு கையாலும் வாங்கினார். தோட்டமே பார்த்துக்கொண்டு நின்றது. இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒருவரும் ஒரு வெற்றிலை கொடுத்ததில்லை.

மாப்பிள்ளை வீடு டயகமவில். போகும் வழியில் பனி இறங்கிவிட்டது. ஒரு வளைவில் பால்கோவாக் கார் வழுக்கி, பாதைக்குக் கீழே தேயிலைக்குள் இறங்கி, ஒரு மரத்தில் மோதி நின்றது. பெண்ணுக்கு ஒரு கீறல் இல்லை. கூடப்போன மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் கை முறிந்தது. காரின் முன்பக்கம் முழுவதும் உள்ளே போய்விட்டது. பெண்ணை எங்கள் காருக்கு மாற்றினோம். சோற்றுப் பானைகளுக்கு நடுவே மாலையோடு உட்கார்ந்துதான் அவள் மாப்பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தாள்.

"முழு இன்சூரன்ஸ் இருக்கு. கம்பனி குடுத்துரும்" என்று தங்கச்சி எல்லோரிடமும் சொன்னாள். கடையில் வியாபாரம் படுத்திருந்தது எங்களுக்குத் தெரியும். கம்பனி கொடுத்தால்தான் அவர்களுக்கு மறுபடி கார்.

சேதம் பார்க்கக் கொழும்பிலிருந்து கம்பனியின் சிங்கள உத்தியோகஸ்தர் ஒருவர் வந்தார். எல்லோரும் அவரை மாத்தயா என்றார்கள். அட்டன் ஏஜண்டும் கூட. அவர்கள் போகப் பிடித்தது எங்கள் காரைத்தான். தங்கச்சி வீட்டுக்காரர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கங்காணியின் சம்சாரத்தைப் பார்க்க வேண்டும் என்று நானும் பின்னால் ஒட்டிக்கொண்டேன். உண்மையில் வீட்டில் இருக்க முடியவில்லை. கொடுப்பார்களா, மாட்டார்களா என்று என் கண்ணாலேயே பார்க்க வேண்டியிருந்தது.

விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கங்காணி வீட்டுக்குப் போனோம். அவர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மாத்தயா சிங்களத்தில் கேட்க, ஏஜண்ட் தமிழில் கேட்டார்.

"இந்தக் காருக்கு நீங்கள் ஏதும் காசு குடுத்தனீங்களோ?"

தங்கச்சி வீட்டுக்காரர் இருமினார். கங்காணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னாங்க ஐயா, இப்புடிக் கேட்டுப்புட்டீங்க? ஓசிக் கார்லயா எம் பொண்ண அனுப்புவேன்? தாம்பாளத்துல வச்சுக் குடுத்தேங்க!"

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் குரல் கொடுத்தார். "ஹயரிங் காருக்குக் குடுக்கிறத விட கூடத்தான் வச்சோம்னு சொல்லுங்க!"

"அது வாடகை இல்லீங்க, ஒரு மரியாதைக்கு..." என்று தங்கச்சி வீட்டுக்காரர் இழுத்தார். கங்காணி அதைக் குறையாக எடுத்துக்கொண்டார்.

"என்னா தம்பி, பத்தலைங்கிறீங்களா? எல்லாம் புது நோட்டு. போன மாசம் பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்கு ஒங்களுக்கு வச்சது எனக்குத் தெரியாதா? அதுக்கு மேல வச்சேனா இல்லியா?"

ஏஜண்ட் இதைச் சிங்களத்தில் சொன்னார். மாத்தயா எழுதிக்கொண்டார். குளிரில் வந்தவள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்த மாதிரி எனக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, நான் ஹயர் ஓட்டுறவன். ஹயர்னா ஏறுறதுக்கு முன்னாடி வெல பேசுவாங்க. இவருகிட்ட யாரும் வெல பேசல. நான் பாத்தேன். வெத்தலையில வச்சுக் குடுக்கிறது எங்க சனங்க வழக்கம். வேணாம்னு சொன்னா அவங்களுக்கு அவமானம். அத வாடகைன்னு எழுதிராதீங்க."

எனக்கு இருந்த இதம் போய்விட்டது. பேரம் பேசி வாங்கிய மனுஷன், தாம்பாளத்தில் வாங்கியவனுக்காகப் பேசுகிறார்! அவர் சட்டையைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது. ஏஜண்ட் அதையும் மாத்தயாவிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. இவருக்கும் விளங்கும். கம்பனிக்கு விளங்காது. காருக்கு ஒண்டும் வராது."

திரும்பும்போது தங்கச்சி வீட்டுக்காரர் பின்சீட்டில், நான் தைத்த சாக்குத் துண்டின்மேல் உட்கார்ந்து வந்தார்.

அன்று சாயங்காலம் தங்கச்சி பஸ்ஸில் வந்தாள். வந்ததும் அழுதாள். அழும்போதுகூட அவளுக்குக் கட்டியிருந்த சேலை எடுப்பாக இருந்தது.

"வெத்தல வாங்குனதுக்கா அக்கா ஒரு காரு போகும்? நீ அங்கதானே இருந்தே? ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"நாலு பேரு முன்னால எனக்குப் பேச வராதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"மச்சானுக்கு வந்துச்சே."

நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

"ஒனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷந்தானே? சொல்லு."

சீனி போடட்டுமா என்று கேட்டேன். அவள் குடிக்காமல் எழுந்துவிட்டாள். பஸ் போய்விட்டது என்று வீட்டுக்காரர் அவளைக் காரில் கொண்டுபோய் விடக் கிளம்பினார். அவள் பின்சீட்டில் நடுவில் ஏறி, சேலையை ஒதுக்கிக்கொண்டு, சொந்தக் காரில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தாள். பின்கதவும் அன்றைக்கு ஒரே தடவையில் சாத்திக்கொண்டது.

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன், ஏதாவது கொடுத்தாளா என்று.

"எவ்வளவு மச்சான்னு கேட்டுச்சு. ஒண்ணும் வேணாம்னுட்டேன்."

நாங்கள் ஹயரிங் காருக்கென்று கூடக் கட்டிய இன்சூரன்ஸில் அவள் ஓசியில் வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று நான் அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

மறுநாள் மழை. அவர் காரைத் துடைத்து ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். டயகமவுக்கு ஒரு ஹயர் கிடைத்தது. விலை பேசினார்கள். கொஞ்சம் குறைத்துக்கொண்டு போய்வந்தார்.