சாப்பிடாமல் போன காவலர்

பேய், ஆவி, அருள்வாக்கு என எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைப் போக்குவரத்துக் காவலில் கழித்தவனுக்குச் சாலையில் நிகழும் எதற்கும் ஒரு காரணம் உண்டு என்பது பழகிப்போயிருக்கும். வேகம், தூக்கம், ஈரம், தேய்ந்த சக்கரம், இவற்றுள் ஒன்றைத் தேடினால் கிடைத்துவிடும். நள்ளிரவில் சாலையோரம் வெள்ளைப் புடைவை நின்றதாக நண்பர்கள் கதை தொடங்கும்போதெல்லாம், அப்புடைவையில் ஒளி தெறிக்கும் பட்டை தைத்திருந்தால் ஓட்டுநர்களுக்கு உதவியாக இருந்திருக்குமே என்று கேட்டு அவர்களுடைய சுவையைக் கெடுத்தவன் நான். ஆகவே, இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் வருந்தமாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் இது இரவில் நடந்ததன்று. நல்ல பகலில், திருவிழாக் கூட்டத்தின் நடுவே, எல்லாரும் மகிழ்ந்திருந்த வேளையில் நடந்தது.

பண்டார் தெங்காராவை அடுத்த செம்பனைத் தோட்டங்களின் ஊடே செல்லும் சாலையில் ஒரு வளைவு உண்டு. அதைத் தாண்டியதும் தோட்டத்து மாரியம்மன் கோயில். மரங்கள் அடர்ந்து மறைப்பதால் வளைவுக்கு அப்பால் வருவது கண்ணுக்குத் தெரியாது. ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைக்கட்டும் என்று அவ்விடத்தில் ஆளுயரக் காவலர் படம் ஒட்டிய பலகை ஒன்றை நிறுத்தினோம். தொலைவிலிருந்து பார்த்தால் மெய்யான காவலர் நிற்பதாகவே தோன்றும். அந்தப் பலகையில் இருந்த படம் என்னுடையது. கைகள் இரண்டையும் தொங்கவிட்டு நேராக நின்றிருப்பேன். படம்பிடித்த இளைஞர் சிரிக்கச் சொல்லி விடாப்பிடியாக நின்றதால் சற்றே சிரித்தும் இருப்பேன். சீருடையில் நான் சிரித்த படம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

என் மனைவி மங்கலத்திற்கு அதைக் கண்டதும் பிடித்துவிட்டது. நானோ உடன்பிறந்தார் இல்லாதவன்.

"கொழுந்தனார் இல்லையேன்னு ஒரு குறை இருந்துச்சு, தீந்துபோச்சு. உங்களவிட அவருதான் பாக்க லட்சணமா இருக்காரு," என்றாள். அன்றுமுதல் அவளுக்கு அந்தப் பலகை கொழுந்தனார்தான்.

கோயில் திருவிழாவுக்கு முந்தைய மாலை அடித்த காற்றில் கொழுந்தனாரின் கால்சட்டம் முறிந்துவிட்டது. பழுதுபார்க்கலாம் என்று நிலையத்து வண்டியின் பின்தட்டில் படுக்கவைத்துக் கித்தானால் மூடிவைத்தேன். மறுநாள் காலை அதே வண்டியில்தான் சாலைத் தடுப்புப் பணிக்குச் சென்றோம். தோட்டச் சாலை பிரியும் சந்திப்பில் கூம்புகளை வரிசையாக நிறுத்திவிட்டு வருகிற வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். எனக்குத் துணையாக இருந்த கோப்ரல் குமரேசன் அந்தப் பின்தட்டின் விளிம்பில், கித்தானுக்குப் பக்கத்திலேயே அமர்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார். பலகை அங்கிருந்து அசையவில்லை என்பதற்கு அவரே சாட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பால்குட ஊர்வலம் வளைவைக் கடக்கும்போது அங்கே ஓர் ஆளை நிறுத்துவதாகக் கோயில் தலைவர் வேலுவுக்கு வாக்களித்திருந்தேன். ஊர்வலம் புறப்பட இன்னும் நேரமிருந்தது. அப்போது அவரே அழைத்தார்.

"சார், மழ கட்டிக்கிட்டு வருது. உறுமி செட்டு இன்னும் வந்து சேரல, ஆனா பால்குடத்த தூக்கிட்டாங்க, எறக்கி வைக்க முடியாது லா. நாங்க கெளம்பிட்டோம்!"

குமரேசனை உடனே வளைவுக்குப் போகச் சொன்னேன்.

"இந்த முட்டய மட்டும் முடிச்சிக்கிறேன் சார்."

"வாயில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே சாம்பல் நிற வண்டி ஒன்று வந்தது. எங்களைக் கண்டதும் தயங்கியது. பின் சட்டென்று எதிர்ப்பக்கம் ஒடித்து, கூம்பு ஒன்றை உருட்டிவிட்டுத் தோட்டச் சாலைக்குள் பாய்ந்தது.

"மகிழுந்தை நிறுத்து!" என்று கத்தியபடி வலக்கையை உயர்த்தினேன். (நான் அந்தச் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் காடி தோட்டத்துக்குள் போய்விட்டது என்று குமரேசன் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி மகிழ்கிறார்.)

தப்பியோடும் ஓட்டுநரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த முதற்பாடம், அவனைத் துரத்தக் கூடாது என்பது. பின்னால் எங்கள் வண்டியின் சங்கொலி கேட்டால் அவன் முன்னால் பார்க்கமாட்டான். கண்ணாடியில் எங்களைத்தான் பார்ப்பான், இன்னும் அழுத்தி மிதிப்பான். வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டால், இன்றில்லாவிட்டால் நாளை வீட்டில் பிடிக்கலாம். ஆனால் அந்தச் சாலையில் வளைவுக்கு அப்பால் தலையில் குடம் சுமந்த பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வளைவில் எவரும் இல்லை, பலகைகூட இல்லை. துரத்தினாலும் கேடு, துரத்தாவிட்டாலும் கேடு. வேலுவின் கைப்பேசிக்கு அழைத்தேன். அது மணியடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய காதில் "ஓம் சக்தி" முழக்கம் மட்டுமே விழுந்திருக்கும்.

"சார், காடி போயிருச்சு. கைய எறக்குங்க, இன்னும் யார நிறுத்துறீங்க?" என்றார் குமரேசன்.

அப்போதுதான் கவனித்தேன், என் வலக்கை இறங்கவில்லை. நம்பினால் நம்புங்கள்: அதை இறக்க முயன்றேன், முடியவில்லை. வலியில்லை, மரத்துப்போகவும் இல்லை. யாரோ ஒருவர் அந்தக் கையை வேறு பணிக்காக இரவல் வாங்கிக்கொண்டதைப் போல அது மேலேயே நின்றது. சற்று நேரத்தில் தானாகவே இறங்கியது. குமரேசன் வண்டியை எடுத்தார். சங்கொலி எழுப்பாமல், வேகத்தையும் கூட்டாமல் போனோம். அந்தச் சிறிய தொலைவைப்போல் நீண்ட பயணம் என் பணிக்காலத்தில் வேறில்லை. வளைவை நெருங்கியபோது கண்களை மூடிக்கொள்ளலாமா என்றுகூட எண்ணினேன்.

வளைவில் அந்தச் சாம்பல் நிற வண்டி நின்றிருந்தது, சாலையோரமாக, முறைப்படி, ஒளிகாட்டி விட்டுவிட்டு மின்ன. அதைக் கடந்து மஞ்சள் புடைவைகளும் வேப்பிலையும் பால்குடங்களுமாக ஊர்வலம் ஒரு சொட்டுப் பாலும் சிந்தாமல் சென்றுகொண்டிருந்தது. வண்டிக்கு வெளியே ஓர் இளைஞன் வியர்த்து நின்றான். குடம் சுமந்த அம்மையார் ஒருவர் வரிசையிலிருந்து விலகி, தலையை அசைக்காமலேயே அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எரும! உறுமி இல்லாம ஊமை ஊர்வலமா போறோம், நீ எங்கடா சுத்திட்டு வர?"

அவன் பெயர் பிரகாஷ். வண்டி நிறைய உறுமியும் பறையும். வராத உறுமிக் குழு அவன்தான். திட்டியவர் அவனைப் பெற்ற தாய். சாலை வரி காலாவதியானதை மறந்துவிட்டு வந்தவன், எங்களைக் கண்டு அஞ்சி, நேரமும் ஆகிவிட்டது என்று பாய்ந்திருக்கிறான். ஊர்வலம் இன்னும் கோயிலடியில்தான் இருக்கும் என்பது அவன் நினைப்பு. நின்றிருக்காவிட்டால் அவன் முதலில் சந்தித்திருக்கக்கூடியவர் வரிசையின் முன்னால் வந்த அவனுடைய தாய்தான்.

வண்டியிலிருந்து நான் இறங்கியதும் அவன் முகம் வெளுத்தது.

"சார்... நீங்க எப்படி பின்னால வர்றீங்க? இப்பத்தானே இங்க நின்னீங்க?"

"எங்கே?"

"இங்கதான் சார், ரோட்டு நடுவுல. வலது கைய தூக்கி நிறுத்துனீங்க. நான் அடிச்ச பிரேக்குல உறுமி முன்னால வந்து விழுந்துச்சு. திட்டுவீங்கன்னு பாத்தேன், நீங்க சிரிச்சீங்க."

"சிரிச்சாரா?" என்றார் குமரேசன். "அப்ப கண்டிப்பா நம்ம சார் இல்ல."

அச்சத்தில் எதையோ கண்டு உளறுகிறான் என்றுதான் நானும் எண்ணினேன். அதற்குள் தாம்பாளத்தோடு வேலு வந்துவிட்டார்.

"என்னா சார் இது? இப்பத்தானே என் கையால குங்குமம் வச்சேன், நீங்களும் குனிஞ்சு வாங்கிக்கிட்டீங்க. அதுக்குள்ள அழிச்சிட்டீங்களே!"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் பூசிய திருநீறு மட்டுமே இருந்தது. ஏனென்று தெரியவில்லை, நேரே வண்டியின் பின்புறம் சென்று கித்தானை விலக்கினேன். பலகை வைத்தது வைத்தபடி கிடந்தது, கால்சட்டம் முறிந்து, கைகளைத் தொங்கவிட்டு, அதே சிரிப்போடு. நெற்றியில் கட்டைவிரல் அகலத்திற்குக் குங்குமம். தொட்டேன். ஈரமாக இருந்தது.

"அலமாக்!" என்று பதறினார் குமரேசன். அதன்பின் நெடுநேரம் அவர் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. அதுவும் வியப்புக்குரிய நிகழ்ச்சிதான்.

அன்றைய திருவிழாவைப் போல் இன்னொன்றை அத்தோட்டம் கண்டிருக்காது. பிரகாஷ் உறுமியை மாட்டிக்கொண்டு அடித்த அடியில் குடம் சுமந்தவர்களின் கால்கள் தாமாக ஆடின. திட்டிய தாயும் ஆடினார். அம்மனுக்குப் பால் அபிடேகம் முடியும்வரை பொறுத்திருந்த மழை அதன்பின் கொட்டியது. கொட்டகையில் இலை போட்டார்கள். நான் வழக்கம்போல் பாகற்காயை இலையோரம் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை ஒரு கை பார்த்தேன். கை கழுவியதும் பிரகாஷை அழைத்துச் சம்மன் எழுதிக் கொடுத்தேன்.

"சாப்பாடு போட்டுட்டு சம்மனா சார்?"

"சாப்பாடு போட்டது அம்மன். எழுதியது நான்," என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். இன்றுவரை திருவிழாவுக்கு அழைக்கும் முதல் குரல் அவனுடையதுதான்.

நான் ஓய்வுபெற்ற நாளில் தோழர்கள் அந்தப் பலகையையே பரிசாகக் கொடுத்தார்கள். இப்போது அது அத்தோட்டத்திலிருந்து நெடுந்தொலைவில், பெக்கான் நானாசில் உள்ள என் வீட்டு வாசலில், செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெயிலில் சீருடை வெளிறிப்போய்விட்டது. மங்கலம் கடைக்குப் போகும்போது, "வீட்டப் பாத்துக்குங்க தம்பி," என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

ஆண்டுதோறும் அத்திருவிழாவுக்குத் தவறாமல் போவேன். இந்த ஆண்டு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருந்ததால் போக முடியவில்லை. அன்று காலை சாய்வு நாற்காலியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நாளிதழ் கீழே விழுந்தது. வலக்கை உயர்ந்து நின்றிருந்தது.

"காப்பியத்தானே கொண்டு வரேன், அதுக்கும் ரோட் புளோக்கா?" என்றாள் மங்கலம்.

கை இறங்கிச் சிறிது நேரம் கழித்து வேலு அழைத்தார். அவர் குரலில் உறுமிச் சத்தமும் மகிழ்ச்சியும் கலந்து வந்தன.

"சார், இந்த வருசமும் காப்பாத்திட்டீங்க! செம்பனை லோரி ஒன்னு வளைவுல வேகமா வந்துச்சு, நீங்க கைய தூக்கினதும் கப்புன்னு நின்னுருச்சு. கால் வலியோட வந்து நின்னுட்டு, சாப்பிடாம போயிட்டீங்களே, அதான் மனசு கேக்கல."

நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். "சும்மா வெளயாடாதீங்க சார்," என்று சிரித்துவிட்டு அழைப்பை முடித்தார்.

நடந்ததை மங்கலத்திடம் சொன்னேன். அவள் அஞ்சவில்லை.

"ஐயோ பாவம், அவ்வளவு தூரம் போயிட்டு வெறும் வயித்தோடயா வந்திருக்காரு?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் சென்றாள். நண்பகலில் எனக்கு உள்ளே பரிமாறியதுபோலவே ஓர் இலையில் சோறு, பருப்பு, கூட்டு, அப்பளம், பாகற்காய் வறுவல் அனைத்தையும் வைத்து வாசலில் பலகையின் முன் கொண்டுபோய் வைத்தாள். நான் பார்த்துச் சிரித்தேன்.

நாங்கள் சாப்பிட்டு முடித்தபின் வாசல் இலையை எடுக்கப் போனவள் அங்கிருந்து என்னை அழைத்தாள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து போனேன். இலை வெறுமையாக இருந்தது. காகங்கள் தின்றிருக்கும், வேறென்ன என்றேன். இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் இலையின் ஓரத்தில், நான் ஒதுக்குகிற அதே மூலையில், பாகற்காய் மட்டும் துண்டு குறையாமல் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது.

காகம் பாகற்காய் தின்னாது என்பது உங்களில் எவருக்கேனும் உறுதியாகத் தெரிந்தால், அன்புகூர்ந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.