நின்றவனைக் காணாத ரேடார்

இன்று கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் என் ரேடார் புரோகிராம் ஒருவழியாக ஓடியது. வண்டியின் முன்னால் ரேடார் வைத்தால், இருட்டில் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் அதற்குத் தெரிவார்களா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் புரோகிராம்.

தெரிந்தார்கள். நடப்பவரின் கைவீச்சுகூடத் தெரிந்தது.

உடன் வேலை பார்க்கும் பீர் வந்து உட்கார்ந்தார். போன வருஷம் ராத்திரி சைக்கிளோடு வீடு திரும்பும்போது ஸ்ரீவைகுண்டம் ரோட்டில் லாரி மோதி அவருடைய தம்பி இறந்துபோனான்.

"எந்தம்பியையும் இதுல போட்டுப் பாரும்வே."

"சைக்கிள்ல என்ன வேகத்துல போனான்?"

"போகல. டயரு பஞ்சராகி, பஸ்ஸு வரட்டும்னு ஓரமா நின்னுகிட்டு இருந்திருக்கான்."

வேகத்தைப் பூஜ்யமாக்கி ஓட்டினேன். அசையாத எதையும் மரம், மைல்கல் என்று புரோகிராம் கழித்துவிடும். திரையில் வெறும் ரோடு.

"இன்னொருக்க போடும்."

போட்டேன். அதே ரோடு.

"லாரிக்காரனும் இதத்தான்வே சொன்னான், ரோட்டுல யாருமே இல்லன்னு."

பீர் எழுந்து போய்விட்டார்.

கழிக்காமல் விட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் பிரேக் போட வேண்டும். நிற்கும் மனிதனை மரத்திலிருந்து பிரித்துக் காட்டும் வழி இதை நான் பதிவிடும் இந்தக் குழுவில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் நாளைக்கும் பீருக்குப் பக்கத்து நாற்காலிதான் எனக்கு.