நிற்கத் தெரியாத ஈஸ்ட்

போன மாதம் ஒரு மத்தியானம். எங்கள் மாடியில் குடியிருக்கும் பேச்சியம்மாள் வேர்த்துக் கொட்ட வாசலில் வந்து நின்றாள். கையில் ஓர் ஐஸ் டப்பா.

"அண்ணே, எங்க லேப்ல ஃப்ரிட்ஜ் படுத்துருச்சு. உங்க ஃப்ரிட்ஜ்ல இம்புட்டு இடம் கிடைக்குமா?"

டப்பாவுக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள். அவளுடைய இரண்டு வருட ஆராய்ச்சி! அழகர்கோவில் பக்கம் கூலி வேலை பார்க்கும் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை வந்த பெண். அது கெட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து...

எங்கள் தல்லாகுளம் வீட்டிலோ அப்போது சிரிப்புச் சத்தமே இல்லை. என் மனைவி சரோஜாவின் மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்து நாளாக அவள் சரியாகப் பேசவும் இல்லை, தூங்கவும் இல்லை.

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "இது என்னடி?"

"ஈஸ்ட்டுக்கா. பன்னு உப்புறதுக்குப் போடுவாங்கள்ல, அதேதான். வெயிலு, விஷம்னு எதுலயாவது அடிபட்டா அப்படியே நின்னுரும். காயத்தைச் சரிபண்ணிட்டுத்தான் ரெண்டாப் பிரியும். நில்லுன்னு சொல்றதுக்கே ஒரு ஜீன் இருக்கு. இந்தக் குழாய்ல இருக்கறதுக்கு அது பழுது."

"அப்ப நிக்கத் தெரியாதா?"

"தெரியாதுக்கா. நம்ம உடம்பு செல்லுலயும் இப்படி ஏதாவது கெட்டுத்தான் கேன்சர் வருதோன்னு தேடுறாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தையை வீட்டில் யாரும் உச்சரிப்பதே இல்லை — பேச்சியம்மாளுக்கோ கட்டி விஷயமே தெரியாது!

சரோஜா நிதானமாகக் கேட்டாள். "இதுல மருந்து இருக்கா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை.

"இல்லக்கா... இப்போதைக்கு இல்ல. எப்படிக் கெடுதுன்னு பாக்குறோம், அம்புட்டுத்தான்."

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் குழாய்களை லேபுக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது நாங்களும் கூடப் போனோம். சரோஜாதான் முதலில் கிளம்பினாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. அப்புறம் நானும் பார்த்தேன். வெளிச்சக் குளத்தில் ஈஸ்ட் செல்கள் முத்து முத்தாக மிதந்தன. ஒரு முத்தின் தோளில் குட்டி முத்து ஒன்று மெல்ல அரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பொட்டல், பனைமரங்கள், அசையாத வெயில்... எவ்வளவு நேரம் அங்கே நின்றோம்? தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் சரோஜா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

ரிசல்ட் வந்தது. கேன்சர்தான். ஆரம்ப நிலை என்பதால் உடனே ஆபரேஷன் செய்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். மாடிக்குக் குரல் கொடுத்துப் பேச்சியம்மாளைச் சாப்பிடக் கூப்பிடும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேனே! ஆபரேஷனுக்கு முன் டாக்டர், "பயமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"பயந்தா மட்டும் அது நிக்கவா போகுது டாக்டர்? எடுத்துருங்க" என்றாள் சரோஜா.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்... எனக்கு!