மருத்துவர் எழுதிக்கொண்ட சொல்

புதிதாக வேலைக்கு வரும் பெண்ணின் முகத்தை ரெகுலா பார்க்க மாட்டாள்; தட்டைத்தான் பார்ப்பாள். மூன்றாம் நாளும் கஞ்சி மிச்சமிருந்தால் ரெகுலாவுக்குக் கவலையில் பேச்சுக் குறைந்துவிடும். பெர்ன் நகரத்துத் துணி வியாபாரி வீட்டில் அவள் சமையற்காரி, நான் பாத்திரம் கழுவுகிறவள். பதினாறு வருஷம் ஒரே அடுப்படியில் இருந்தோம்.

கடைசி வருஷம் இலையுதிர்காலத்தில், ரெகுலா பிறந்த அதே மலைப்பக்கத்திலிருந்து எல்சி வந்தாள். பதினேழு வயது. ஒரே மாதத்தில் எலும்பும் தோலுமாகிப் படுத்துவிட்டாள். எது கேட்டாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"வேலைக் கள்ளி! பேசின வருஷம் முடியாம இவ எங்கயும் போகக் கூடாது" என்றாள் எஜமானி.

மருத்துவர் வந்து காய்ச்சல் என்றார். காய்ச்சல் இறங்கட்டுமென்று இரண்டு தடவை நரம்பைக் கீறி ரத்தம் வடித்தார். ரெகுலாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, ரத்தத்துல ஒண்ணுமில்ல. இது ஹைம்வே."

"அது என்னம்மா புது நோய்?"

"ஹைம்னா வீடு, வேன்னா வலி. எங்க மலையில சின்னப் புள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டுப் பட்டாளத்துக்குப் போன பசங்க இதுலதான் செத்தாங்க. ஊருக்கு அனுப்பினா பொழச்சுக்குவா."

"படிச்சவனுக்குத் தெரியாதது சமையக்காரிக்குத் தெரியுதாக்கும்!" என்று சிரித்தார். ஆனாலும் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தினமும் வந்தார். எல்சியின் நாடியைப் பிடித்தபடி அவள் ஊர்ப் பெயரைச் சொல்வார், அவள் அழுவாள், அவர் எழுதுவார். ஒரு நாள் எஜமானியிடம், "இன்னும் மூணு வாரம் இங்கயே இருக்கட்டும். எப்படி முத்துதுன்னு பாக்கணும். இத யாரும் இதுவரைக்கும் எழுதினதில்ல" என்றார்.

ரெகுலா மாவு பிசைந்த கையோடு நின்றாள். "நான் வாயத் தொறக்காமயே இருந்திருக்கலாம்டி" என்றாள் என்னிடம்.

செவ்வாய்ச் சந்தை முடிந்து பாலாடைக்கட்டி வண்டி மலைக்குத் திரும்பும். எல்சியை அதில் ஏற்றிக்கொள்ள வண்டிக்காரன் பெண்டிக்ட் தயங்கினான்.

"வழியில செத்துட்டா என்னைத் தூக்குல போடுவாங்க, அக்கா."

"இங்க செத்தா ஒருத்தரையும் போட மாட்டாங்க. ஏத்துடா!" என்றாள் ரெகுலா.

அவளைத் தூக்கி வர நான் கொல்லைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். எஜமானி விசாரித்தபோது ரெகுலா என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நற்சான்றுக் கடிதம் தராமல் அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினார்கள். பிறகு எந்த வீடும் அவளைச் சேர்க்கவில்லை.

எல்சி பிழைத்துவிட்டாள், மாடு மேய்க்கிறாள் என்று பெண்டிக்ட் சொல்கிறான். மருத்துவர் போட்ட புத்தகத்தில் அந்தச் சொல் இருக்கிறதாம்; ரெகுலாவின் பெயர் இல்லை. அவள் நகரத்தைச் சுற்றி ஓடும் ஆர் என்னும் ஆற்றின் கரையில் கூலிக்குத் துணி துவைக்கிறாள். விரல்களெல்லாம் வெடித்திருக்கின்றன. அந்த வீட்டில் இப்போது சமைப்பது நான்.